அக்கவுண்ட்ஸ் இன்டர்வியூவுக்கு ஒரு வாரம்தான் இருக்கு: என்ன படிக்கலாம்?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கப்பட்டுள்ளது.)

பம்மல்ல இருந்து பேசுறேன்.

பொழிச்சலூர்ல இருந்து ஒரு தங்கச்சி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. "அண்ணா, பி.காம் முடிச்சு எட்டு மாசம் ஆச்சு. அடுத்த வாரம் ஒரு இன்டர்வியூ இருக்கு. நீங்க எப்பப் பார்த்தாலும் கோடிங் இன்டர்வியூ பத்தியே பேசுறீங்க, எங்களுக்கு எதுவும் இல்லையா?" நியாயமான கேள்வி. நம்ம பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர் பக்கம் வீட்டுக்கு ஒரு இன்ஜினியர் இருந்தா, பக்கத்து வீட்ல ஒரு பி.காம் இருப்பாங்க. அதனால இன்னைக்கு அவங்களுக்கான எபிசோட்.

நான் அக்கவுண்டன்ட் இல்ல, இன்ஜினியரிங் படிச்சவன். ஆனா நாலஞ்சு வருஷமா நான் எழுதுற கோட் முழுக்க பில்லிங், அக்கவுண்டிங் சாஃப்ட்வேருக்குத்தான். அக்கவுண்ட்ஸ் டீம் பக்கத்துலயே உட்கார்ந்து வேலை பார்க்கிறவன். அவங்க புது ஆள் எடுக்கும்போது டெஸ்ட் மெஷின் ரெடி பண்ணிக் கொடுத்துட்டு, அந்த ரூம்லயே உட்கார்ந்து கேட்டிருக்கேன். என்ன கேட்கிறாங்க, எங்க பசங்க திணறுறாங்கன்னு பார்த்த வரைக்கும் சொல்றேன்.

முதல்ல, எந்தக் கதவுன்னு பாருங்க

நம்ம பக்கம் அக்கவுண்ட்ஸ் வேலைக்கு மூணு கதவு இருக்கு. ஒண்ணு ஆடிட்டர் ஆபீஸ். இன்னொண்ணு உள்ளூர் கம்பெனி: நாகல்கேணி பக்கம் தோல் கம்பெனி, குரோம்பேட்டையில ஆஸ்பத்திரி, கடை, ஜிஎஸ்டி ரோட்ல குடோன். மூணாவது ஓஎம்ஆர் பக்கம் இருக்கிற பெரிய கம்பெனிகளோட ஷேர்டு சர்வீஸ் சென்டர்.

ஆடிட்டர் ஆபீஸ்ல பல கிளையன்ட் வேலை, அதனால ரிட்டர்ன் தேதிகளை நோண்டிக் கேட்பாங்க. உள்ளூர் கம்பெனியில டேலி முன்னாடி உட்கார வெச்சு பத்து என்ட்ரி போடச் சொல்லுவாங்க. ஷேர்டு சர்வீஸ்ல இங்கிலீஷ், எக்ஸெல், ஒரு பர்ச்சேஸ் ஆர்டர்ல ஆரம்பிச்சு பணம் கட்டுற வரைக்கும் என்னென்ன படி இருக்குன்னு கேட்பாங்க. மூணுக்கும் ஒரே மாதிரி படிச்சுட்டுப் போனா பாதி உழைப்பு வேஸ்ட்.

கம்பெனி பேர் தெரிஞ்ச உடனே ஜிஎஸ்டி போர்ட்டல் போங்க. அங்க "டேக்ஸ்பேயர் தேடல்" இருக்கு, லாகின் தேவையில்ல. அவங்க பில்லுல இருக்கிற 15 எழுத்து ஜிஎஸ்டி நம்பரைப் போட்டா சட்டப்படியான பேர், எப்போ பதிவு பண்ணாங்க, இப்போ ஆக்டிவா இருக்காங்களா, ரிட்டர்ன் ஒழுங்கா போடுறாங்களான்னு தெரியும். அந்த நம்பரையே கொஞ்சம் பாருங்க: முதல் ரெண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் அவங்க பான் நம்பர். இது இன்டர்வியூவுல கேட்கப்படுற சின்னக் கேள்வியும்கூட.

இந்தத் தேடலுக்கு இன்னொரு பயன் இருக்கு. "ட்ரெயினிங் டெபாசிட் கட்டுங்க, வேலை உறுதி"ன்னு ஃபோன் வரும். அந்தப் பேர்ல எந்தப் பதிவும் இல்லைன்னா அங்கயே நிறுத்திடுங்க. பதிவு இருந்தாலும்கூட, வேலைக்குச் சேர நீங்க பணம் கட்டுற மாதிரி இருந்தா அது வேலை இல்ல. ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைக் காட்டலாம், கையில கொடுத்துட்டு வரக்கூடாது.

பற்று, வரவு: பாஸ்புக்ல மட்டும் ஏன் தலைகீழ்?

மூணு விதி எல்லாருக்கும் மனப்பாடம். பெறுபவர் பற்று, தருபவர் வரவு. உள்ளே வருவது பற்று, வெளியே போவது வரவு. செலவும் நட்டமும் பற்று, வருமானமும் லாபமும் வரவு. அதை ஒப்பிச்சுக் காட்டச் சொல்லி யாரும் கேட்கிறதில்ல. இப்படித்தான் கேட்பாங்க: "பேங்க்ல பத்தாயிரம் கட்டினா நம்ம புக்ல பேங்க் டெபிட். ஆனா பாஸ்புக்ல கிரெடிட்னு இருக்கு. யார் சொல்றது தப்பு?"

யாரும் தப்பு இல்ல. நம்ம புக்ல பேங்க் நமக்குக் கடன்பட்டவர், அதனால டெபிட். பாஸ்புக் பேங்க்கோட புக். அதுல நாம பணம் கொடுத்தவர், அவங்க நமக்குத் திருப்பித் தரணும், அதனால கிரெடிட். ஒரே பரிமாற்றம், ரெண்டு பேரோட நோட்டு. இதை ரெண்டு வரியில சொல்ல முடிஞ்சா, விதி புரிஞ்சிருக்குன்னு எதிர்ல இருக்கிறவருக்குத் தெரிஞ்சிடும்.

அடுத்த பொறி: அந்தப் பத்தாயிரத்தை டேலியில எந்த வவுச்சர்ல போடுவீங்க? கையில இருந்த காசு நம்ம பேங்க்குக்கே போகுது, அதனால கான்ட்ரா, எஃப்4. பேமென்ட் எஃப்5, ரிசீட் எஃப்6, ஜர்னல் எஃப்7, சேல்ஸ் எஃப்8, பர்ச்சேஸ் எஃப்9. வீட்ல லேப்டாப் இருந்தா டேலியோட எஜுகேஷன் மோடை இலவசமா போட்டுப் பழகலாம். சில தேதிகளுக்கு மட்டும்தான் என்ட்ரி ஏறும், ஆனா விரல் பழக அது போதும்.

பேங்க் ரெகன்சிலியேஷன்: கண்டிப்பா வரும்

ஒரு கணக்கு தர்றேன், பேப்பர்ல எழுதிப் பாருங்க. நம்ம புக்ல பேங்க் இருப்பு 84,000 ரூபாய். சப்ளையருக்குக் கொடுத்த 12,500 ரூபாய் செக்கை அவர் இன்னும் பேங்க்ல போடல. பேங்க் 200 ரூபாய் சார்ஜும், அதுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 36 ரூபாயும், மொத்தம் 236 எடுத்திருக்கு. பாஸ்புக் இருப்பு எவ்வளவு?

84,000 கூட்டல் 12,500, கழித்தல் 236. விடை 96,264. இவ்வளவு தூரம் நிறைய பேர் வந்துடுறாங்க. "இப்போ நம்ம புக்ல என்ன என்ட்ரி போடணும்?"னு அடுத்த கேள்வி வரும்போதுதான் திணறல். செக்குக்கு எதுவும் போடக்கூடாது, அது நம்ம புக்ல ஏற்கெனவே இருக்கு. பேங்க் சார்ஜுக்கு மட்டும்தான் என்ட்ரி. அதுலயும் 200 செலவு, 36 ரூபாய் இன்புட் டேக்ஸ் கிரெடிட். அந்த 36-ஐத் தனியா பிரிச்சுச் சொல்ற பொண்ணையோ பையனையோ எந்த மேனேஜரும் நிமிர்ந்து பார்ப்பார்.

பேங்க் கணக்குக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? சத்யம் கதையை ஞாபகம் வெச்சுக்கோங்க. 2009 ஜனவரி 7-ம் தேதி அந்தக் கம்பெனியோட தலைவர் ராமலிங்க ராஜு ஒரு கடிதம் எழுதினார். கணக்குல ரொக்கமாவும் பேங்க் இருப்பாவும் காட்டின 5,361 கோடியில 5,040 கோடி ரூபாய் இல்லாத பணம்னு அதுல ஒப்புக்கிட்டார். பேலன்ஸ் ஷீட்ல இருந்தது, பேங்க்ல இல்ல. நம்ம புக்கையும் பேங்க் சொல்றதையும் நேருக்கு நேரா வெச்சுப் பார்க்கிற வேலை எவ்வளவு பெரியதுன்னு அதுல தெரியும். முதல் வருஷம் உங்களுக்குக் கிடைக்கப்போறது பெரும்பாலும் இந்த வேலைதான்.

மாசத்து காலண்டர்

7, 11, 14, 15, 20. இந்த அஞ்சு தேதியையும் போற வழியில பஸ்லயே சொல்லிப் பார்த்துக்கோங்க.

7: போன மாசம் பிடிச்ச டிடிஎஸ் கட்டணும். மார்ச் மாசத்துக்கு மட்டும் ஏப்ரல் 30 வரைக்கும் டைம்.
11: மாசாமாசம் ஃபைல் பண்றவங்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1, அதாவது விற்பனை விவரம்.
14: ஜிஎஸ்டிஆர்-2பி தயாராகும். நாம வாங்கினதுல எவ்வளவு கிரெடிட் எடுக்கலாம்னு அது காட்டும்.
15: பிஎஃப், ஈஎஸ்ஐ.
20: ஜிஎஸ்டிஆர்-3பி போட்டு வரி கட்டணும்.

இதுல 11-க்கும் 14-க்கும் நடுவுல இருக்கிற தொடர்பைப் புரிஞ்சுக்கோங்க. நம்ம கம்பெனி ஒரு லட்சத்துக்குச் சரக்கு வாங்குது, வரி 18,000. உள்ளூர்ங்கிறதால 9,000 மத்திய வரி, 9,000 மாநில வரி. சப்ளையர் 11-ம் தேதிக்குள்ள தன்னோட ஜிஎஸ்டிஆர்-1 போடலைன்னா அந்த 18,000 நம்ம 2பி-ல வராது. 2பி-ல வராதது நமக்குக் கிரெடிட் கிடையாது. அந்த மாசம் 18,000-ஐ கைக்காசுல கட்டணும். அதனால சப்ளையருக்கு ஃபோன் போட்டு ஃபைல் பண்ண வைக்கிறதும் அக்கவுண்ட்ஸ் வேலையில ஒரு பகுதி. "நான் 2பி-யையும் பர்ச்சேஸ் ரெஜிஸ்டரையும் எக்ஸெல்ல வி-லுக்கப் போட்டு ஒப்பிடுவேன்"னு சொல்லுங்க. சும்மா சொல்லாம, முதல் நாளே ரெண்டு சின்ன பட்டியல் தயார் பண்ணிப் பழகிட்டுச் சொல்லுங்க.

படிக்கிற நோட்ஸ் எந்த வருஷத்துதுன்னும் பாருங்க. 2025 செப்டம்பர் 22-ல இருந்து 12, 28 சதவீத அடுக்குகள் எடுக்கப்பட்டு, பெரும்பாலான பொருள் 5, 18-க்குள்ள வந்தாச்சு. வருமான வரியிலயும் 1961 சட்டத்துக்குப் பதிலா 2025 சட்டம், 2026 ஏப்ரல் 1-ல இருந்து. "முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு" போய் "வரி ஆண்டு"ன்னு ஒரே சொல். பழைய நோட்ஸ்ல இருக்கிற செக்ஷன் நம்பரை மனப்பாடம் பண்ணிட்டுப் போகாதீங்க.

நம்ம ஊர்க் கேள்விகள்

இந்தப் பக்கத்துக் கம்பெனிக்குப் போறவங்களுக்கு மூணு விஷயம்.

ஒண்ணு, ஜாப் ஒர்க். தோல் கம்பெனி தன்னோட தோலை இன்னொரு யூனிட்டுக்குப் பதப்படுத்த அனுப்பினா அது விற்பனை இல்ல. டெலிவரி சலான்ல போகும், சரக்கு நம்மளோடதுதான். ஒரு வருஷத்துக்குள்ள திரும்பி வரணும், இல்லைன்னா அனுப்பின நாள்லயே வித்த மாதிரி கணக்காயிடும்.

ரெண்டு, மெப்ஸ். தாம்பரம் சானடோரியத்துல இருக்கிற சிறப்புப் பொருளாதார மண்டலம். பம்மல்ல இருந்து அங்க இருக்கிற யூனிட்டுக்கு மெஷின் பார்ட்ஸ் வித்தா என்ன வரி? ரெண்டு பேருக்கும் கோட் 33, கூப்பிடு தூரம்தான். அதனால பாதி மத்திய வரி, பாதி மாநில வரின்னு சொல்லத் தோணும். ஆனா சட்டப்படி சிறப்பு மண்டலத்துக்குப் போற சப்ளை வெளிமாநில சப்ளை மாதிரி, ஐஜிஎஸ்டி. அதோட அது பூஜ்ய வரி சப்ளை. எல்யூடி கொடுத்துட்டு வரி இல்லாம அனுப்பலாம், இல்ல வரி கட்டி ரீஃபண்ட் வாங்கலாம்.

மூணு, இ-வே பில். வெளிமாநிலத்துக்குச் சரக்கு மதிப்பு 50,000 தாண்டினா வேணும். தமிழ்நாட்டுக்குள்ளயே போனா வரம்பு ஒரு லட்சம். வெளிமாநில யூடியூப் வீடியோ பார்த்துப் படிச்சவங்க இங்க மாட்டுவாங்க.

"அந்த என்ட்ரியை மாத்திடுன்னா மாத்துவியா?"

இது நேர்மையைப் பார்க்கிற கேள்வி, ஆனா டெக்னிக்கல் பதிலும் இருக்கு. 2023 ஏப்ரல் 1-ல இருந்து, கம்பெனிச் சட்டத்துக்குக் கீழ வர்ற கம்பெனிகள் எடிட் லாக் இருக்கிற அக்கவுண்டிங் சாஃப்ட்வேர்தான் வெச்சுக்கணும். அதை ஆஃப் பண்ணவும் கூடாது. சாஃப்ட்வேர்காரங்களுக்குப் புரியிற மாதிரி சொன்னா, கிட் லாக் மாதிரி. யார் மாத்தினது, எப்போ மாத்தினது, எல்லாம் பதிவாகும்.

அங்க பதிவாகுறது முதலாளி பேர் இல்ல, உங்க லாகின். அதனால பதில் இப்படி இருக்கலாம்: "பழைய என்ட்ரியைத் தொட மாட்டேன் சார். தப்பு இருந்தா, காரணம் எழுதி, நீங்க மெயில்ல ஒப்புதல் கொடுத்த பிறகு திருத்த ஜர்னல் போடுவேன்." இதுல மரியாதையும் இருக்கு, உங்களுக்குப் பாதுகாப்பும் இருக்கு. இந்தப் பதிலுக்காகவே வேண்டாம்னு சொல்ற இடம் இருந்தா, எட்டு மாசம் வேலை இல்லாம இருந்தாலும், அந்த இடம் வேண்டாம். வேலைக்குச் சேர்ந்த பிறகும் பாஸ்வேர்டை யார்கிட்டயும் பகிராதீங்க.

சம்பளம் பேசும்போது

சிடிசி 20,025னு சொல்றாங்கன்னு வெச்சுக்கோங்க. அதுல மாசச் சம்பளம் 18,000, அதுக்குள்ள பிஎஃப் கணக்குக்கான சம்பளம் 12,000. முதலாளி பங்கு பிஎஃப் 12 சதவீதம் 1,440, ஈஎஸ்ஐ 3.25 சதவீதம் 585. ரெண்டும் சேர்ந்துதான் 20,025. உங்ககிட்ட பிடிக்கிறது பிஎஃப் 1,440, ஈஎஸ்ஐ 0.75 சதவீதம் 135. கைக்கு வர்றது 16,425. தொழில் வரி ஆறு மாசத்துக்கு ஒருமுறை தனி.

3,600 ரூபாய் வித்தியாசம். வீட்ல அம்மாகிட்ட எந்த நம்பரைச் சொல்றதுங்கிறது வரைக்கும் இதுல இருக்கு. அக்கவுண்ட்ஸ் வேலைக்குப் போறவங்க இதை அங்கயே மனசுல போட்டு, "கைக்கு 16,425 வருமா சார்?"னு கேட்டா, அதுவே ஒரு நல்ல பதில் மாதிரிதான்.

பொழிச்சலூர் தங்கச்சிக்கு: முதல் ரெண்டு நாள் பற்று வரவும் ரெகன்சிலியேஷனும். அடுத்த ரெண்டு நாள் டேலி, எக்ஸெல். அஞ்சாவது நாள் ஜிஎஸ்டி, டிடிஎஸ் தேதிகள். ஆறாவது நாள் அந்தக் கம்பெனியைப் பத்தி. ஏழாவது நாள் யாரையாவது எதிர்ல உட்கார வெச்சு சத்தமா பதில் சொல்லிப் பாருங்க. தெரியாத கேள்வி வந்தா "தெரியல சார், பார்த்துட்டுச் சொல்றேன்"னு சொல்லுங்க. கணக்கு வேலையில ஊகிச்சுச் சொல்றவங்களைவிட பார்த்துச் சொல்றவங்களைத்தான் தேடுறாங்க.

இன்டர்வியூ முடிஞ்சதும் என்ன கேட்டாங்கன்னு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க மா. உங்களுக்கு அடுத்து போறவங்களுக்கு உதவும். ஆல் தி பெஸ்ட். அடுத்த எபிசோட்ல பார்க்கலாம் மக்களே.