உலகை வலம்வந்த உண்ணிக்கொக்கு

சேர்வராயன் மலையடிவாரத்தில் மேயும் மாடுகளை ஒட்டி நடந்துசெல்லும் வெண்ணிறப் பறவை உண்ணிக்கொக்கு. மாடுகள் நகரும்போது புல்லிலிருந்து எழும் வெட்டுக்கிளிகளையும் பிற பூச்சிகளையும் அது பிடித்து உண்ணும். இனப்பெருக்கக் காலத்தில் அதன் தலையும் கழுத்தும் பொன்னிறம் பெறும்.

ஆப்பிரிக்காவும் ஐரோப்பாவின் தென்மேற்குப் பகுதியும் வெப்பமண்டல ஆசியாவுமே இதன் தொல் வாழிடங்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பறவை அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து தென் அமெரிக்காவை அடைந்தது. 1941இல் புளோரிடாவில் காணப்பட்டது. 1953இல் அங்குக் கூடு கட்டியது. 1940களில் ஆஸ்திரேலியாவிலும் பரவியது. காடுகள் மேய்ச்சல் நிலங்களாக மாறியதும் பாசனம் பெருகியதும் இப்பரவலுக்கு முதன்மைக் காரணங்களாகும். மனிதர் நிலத்தை மாற்றியதால் வாழ்விழந்த பறவைகள் பல. வாழ்வு பெற்ற சிலவற்றுள் இதுவும் ஒன்று.

எனினும், இப்பறவை நீர்நிலைகளைத் துறந்துவிடவில்லை. இரை தேடுவது புல்வெளியில். கூட்டமாக அடைவதும் கூடு கட்டுவதும் பெரும்பாலும் நீரை அடுத்த மரங்களில். சேர்வராயன் மலையின் மழைநீரைப் பெறும் சேலம் மூக்கனேரி, 2010இல் தொடங்கிய மக்கள் முயற்சியால் தூர்வாரப்பட்டது. அள்ளிய மண்ணால் ஏரிக்குள் திட்டுகள் அமைக்கப்பட்டு மரங்கள் நடப்பட்டன. அவை நீர்ப்பறவைகளுக்குப் புகலிடமாயின. கடல் கடந்த சிறகுகளுக்கும் ஊர் ஏரியின் மரக்கிளை வேண்டும்.