உங்களுக்குத் தெரியுமா? 72 மணி நேரக் கெடு

பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்கு முதலுதவியும் சிகிச்சையும் இலவசம். வடகரை போன்ற ஊரிலிருந்து தென்காசி அரசு மருத்துவமனைக்குத்தான் ஓட வேண்டும் என்றில்லை. பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரியும் தட்டிக்கழிக்க முடியாது. மறுத்தால் ஓராண்டு வரை சிறை என்கிறது பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 200. 'எஃப்.ஐ.ஆர். எங்கே?' என்று கேட்டுத் திருப்பி அனுப்புவதும் தவறு.

இந்தச் சிகிச்சையில் கொடுக்கும் எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். முதல் நாளே தொடங்கினால் ரொம்ப நல்லது. அன்றைய ரத்தப் பரிசோதனையில் 'இல்லை' என்று வந்தாலும் அதோடு விட்டுவிடக் கூடாது. தொற்று தெரியவரச் சில வாரங்கள் ஆகும். மூன்று மாதம் கழித்தும் பார்க்க வேண்டும்.

மருத்துவப் பரிசோதனையின்போது பிறப்புறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் 'இரு விரல்' சோதனை என்னும் அநாகரிகத்தைத் தடைசெய்யச் சொல்லி 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. யாராவது அதைச் செய்யக் கேட்டால் தயங்காமல் மறுக்கலாம். துணைக்கு ஆள் வேண்டுமா? மகளிர் உதவி எண் 181-ஐ அழையுங்கள்.