தேரி மணலும் மைல் ஓட்டமும்

குலசேகரன்பட்டினத்துக்கு அருகே குதிரைமொழித் தேரியில் நடந்தவர்கள் அறிவார்கள்: செம்மணலில் ஓரடி முன்வைத்தால் அரையடி பின்னே சறுக்கும். பனையேறிகள் அனாயாசமாய் நடப்பார்கள். நமக்கோ பத்தடியிலேயே மேல்மூச்சு வாங்கும்!

அந்தச் சறுக்கலையே பாடமாக்கினார் ஓர் ஆசான். ஆஸ்திரேலியாவில், போர்ட்ஸீ கடற்கரையில், பெர்ஸி செருட்டி என்பவர் தம் சீடர் ஹெர்ப் எலியட்டை மணற்குன்றின்மீது மீண்டும் மீண்டும் ஓடவிட்டார். பளுவும் தூக்கச் செய்தார். ஓட்டக்காரனுக்குத் தசை வீண் பாரம் என்று பலர் எண்ணிய காலம் அது. 1960-ல் ரோமாபுரியில் எலியட் 1,500 மீட்டரை 3 நிமிஷம் 35.6 விநாடியில் ஓடி உலக சாதனை புரிந்தார். இரண்டாமவர் ஏறக்குறைய 20 மீட்டர் பின்னால்!

கடைசிச் சுற்றில் மூச்சோடு காலும் தளர்கிறது. தொடையில் பலமுள்ளவனுக்கே எட்டு குறுகுவதில்லை. ஆனால், ஆர்வமுள்ள பிள்ளைகளே, முதல் நாளே குன்றேறிவிடாதீர்கள். குதிகால் நரம்பு பழிவாங்கிவிடும். வாரம் இரு முறை, சிறு மேடாகத் தொடங்கினால் போதும்.