உங்க மின்னஞ்சல் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது?

ஆழ்வார்திருநகரியில் இருந்துகொண்டு ஏதோ ஒரு சேவைக்கு இணையத்தில் விண்ணப்பிக்கிறீர்கள். 'மின்னஞ்சல் முகவரி' என்று ஒரு கட்டம் வருகிறது. நமக்குத்தான் இல்லையே என்று பக்கத்து வீட்டுத் தம்பியின் முகவரியைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். ஆறு மாதம் கழித்து அந்தத் தம்பி வேலைக்கு வெளியூர் போய்விட்டால்? உங்களுக்கு வர வேண்டிய கடிதம் அவர் பெட்டியில் கிடக்கும், சாவியும் அவர்கிட்டதான்.

ஊராட்சி, கூட்டுறவுச் சங்கம், பள்ளி, சிறு நிறுவனம் எல்லாவற்றுக்கும் இதே கேள்வி உண்டு. இதைப் புரிந்துகொள்ள மின்னஞ்சல் சர்வர் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம்.

கடிதம் வரும் வழி

மின்னஞ்சல் சர்வர் என்பது இரவு பகலாக ஓடும் ஒரு கணினி. நம்ம ஊர் தபால் ஆபீஸ் மாதிரிதான். அதற்குள் மூன்று பேர் வேலை பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் வெளியூர்க் கடிதத்தை வாங்கி, உள்ளூர்க் கடிதத்தை அனுப்புவார். இன்னொருவர் வந்ததை அவரவர் பெட்டியில் போட்டு, உரியவர் கேட்டால் மட்டும் எடுத்துக் கொடுப்பார். மூன்றாமவர் வாசலில் நின்று குப்பைக் கடிதங்களைத் தடுப்பார்.

இந்த மூன்று வேலைக்கும் கட்டற்ற மென்பொருள்கள் உண்டு. அனுப்பி வாங்க 'போஸ்ட்ஃபிக்ஸ்'. 1998-இல் வீட்சே வெனிமா எழுதி வெளியிட்டது. பெட்டியைக் காக்க 'டவ்காட்'. 2002-இல் பின்லாந்தின் டிமோ சிரைனன் வெளியிட்டது. குப்பையை வடிகட்ட 'ஸ்பாம் அசாசின்'. உலாவியில் கடிதம் படிக்க 'ரவுண்ட்கியூப்'. இவற்றுக்கு உரிமக் கட்டணம் கிடையாது. யாரும் நிரலைப் படித்துப் பார்க்கலாம், மாற்றலாம், பகிரலாம்.

முகவரி வேறு, பெட்டி வேறு

மத்திய அரசின் மின்னஞ்சல் சேவையைத் தேசியத் தகவலியல் மையம் பல ஆண்டுகள் 'ஜிம்ப்ரா' என்ற மென்பொருளில் நடத்தியது. அரசு அலுவலகங்களில் திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்ற கொள்கையை மத்திய அரசு 2015-இல் வெளியிட்டது. பிறகு சுமார் 12 லட்சம் ஊழியர்களின் அஞ்சல் பெட்டிகள் ஜோஹோ நிறுவனத்தின் தளத்துக்கு மாறியதாக 2025-இல் செய்தி வந்தது. தென்காசி மாவட்டம் மத்தளம்பாறையிலும் அலுவலகம் வைத்திருக்கும் அதே ஜோஹோதான். அதன் அஞ்சல் சேவை கட்டற்ற மென்பொருள் அல்ல.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. பெட்டி இடம் மாறியது. ஆனால் 'கவ் டாட் இன்' என்ற முகவரி மாறவில்லை. டொமைன் பெயர் அரசின் கையில் இருக்கிறது; அஞ்சல் பரிமாற்றமும் எல்லோருக்கும் பொதுவான விதிமுறைப்படி நடக்கிறது. வாடகை வீடு மாறினாலும் பெயர் மாறாத மாதிரி. ஆகவே உங்கள் சங்கத்துக்கோ பள்ளிக்கோ செய்ய வேண்டிய முதல் வேலை, சங்கத்தின் பெயரிலேயே டொமைன் பதிவு செய்வது. கணினி தெரிந்த ஒருவரின் சொந்தப் பெயரில் பதியாதீர்கள்.

போலியைப் பிடிக்கும் மூன்று முத்திரை

கடித உறையில் அனுப்புநர் பெயரை யார் வேண்டுமானாலும் எழுதலாம். மின்னஞ்சலிலும் அப்படித்தான். அதைத் தடுக்க மூன்று ஏற்பாடு. 'எஸ்பிஎஃப்': எங்கள் பெயரில் அனுப்ப இந்தச் சர்வர்களுக்கு மட்டும் அனுமதி என்ற பட்டியல். 'டிகிம்': ஒவ்வொரு கடிதத்திலும் சர்வர் இடும் கையொப்பம், வழியில் யாராவது திருத்தினால் காட்டிக்கொடுக்கும். 'டிமார்க்': சோதனையில் தோற்ற கடிதத்தை என்ன செய்வது என்ற உத்தரவு. மொத்தமாகக் கடிதம் அனுப்புவோருக்கு 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாகூவும் இவற்றைக் கட்டாயமாக்கிவிட்டன.

ஆனால் அரசு முகவரி போலவே தோன்றும் வேறொரு முகவரியை மோசடிக்காரர் பதிவு செய்தால், இந்த முத்திரைகள் உதவாது. அங்கே உங்கள் கண்தான் காவல். 'கவ்' என்பது நடுவில் வந்து, கடைசியில் 'டாட் காம்' என்று முடிந்தால் நம்பாதீங்க. பணம் ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.

நாமே நடத்தலாமா?

தாராளமாக நடத்தலாம், ஆனால் மென்பொருள் இலவசம், பராமரிப்பு இலவசம் இல்லை. பாதுகாப்புத் திருத்தங்களை உடனுக்குடன் போட வேண்டும். உங்கள் சர்வரிலிருந்து ஒரு முறை குப்பை அஞ்சல் போய்விட்டால், மற்ற சர்வர்கள் உங்களை ஒதுக்கிவிடும். வீட்டு இணைப்பில் அஞ்சல் அனுப்பும் வழியான 25-ஆம் போர்ட்டைப் பல நிறுவனங்கள் மூடியே வைத்திருக்கும். எனவே வாடகைச் சர்வர்தான் வசதி. தினமும் கவனிக்க ஆள் இல்லை என்றால், சொந்த டொமைனை வைத்துக்கொண்டு பெட்டியை மட்டும் நம்பகமான சேவையில் வைப்பதே நல்லது.

ஏடு சொல்லும் பாடம்

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தை இந்தப் பக்கத்து மக்கள் மறக்க மாட்டார்கள். ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நின்றுபோனது. மின்சாரமும் செல்போனும் போயின. அலுவலக அறையில் இருக்கும் ஒரே கணினியில்தான் எல்லாக் கடிதமும் இருக்கிறது என்றால், அன்று என்ன ஆகியிருக்கும்?

உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டு ஏடு தேடி வந்த ஊர் ஆழ்வார்திருநகரி. ஒரு வீட்டில் இல்லாத ஏடு இன்னொரு வீட்டில் கிடைக்கும் என்றுதான் ஊர் ஊராக அலைந்தார். 1889-இல் அந்த நூல் அச்சேறியது. ஆக, பிரதி ஒன்றுக்கு மேல் வேண்டும்; அதுவும் வேறு வேறு இடத்தில் வேண்டும். சர்வர் இங்கே என்றால் நகல் வேறு ஊரில் இருக்கட்டும். மாதம் ஒரு முறை அந்த நகலைத் திறந்தும் பாருங்கள். திறக்காத நகலை நம்ப முடியாது.

இன்றே செய்ய வேண்டியவை

• உங்கள் பெயரில், உங்கள் கைபேசி எண்ணோடு ஒரு மின்னஞ்சல் தொடங்குங்கள்.
• கடவுச்சொல்லை யாரிடமும், மையத்தில் உதவுபவரிடமும்கூட, சொல்லாதீர்கள். நீங்களே தட்டச்சு செய்யுங்கள்.
• இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்குங்கள்.
• பொதுக் கணினியில் வேலை முடிந்ததும் வெளியேறிவிட்டு எழுந்திருங்கள்.
• பழைய விண்ணப்பங்களில் வேறு ஒருவர் முகவரி இருந்தால், மாற்றித் தரக் கேளுங்கள்.

உங்க பெட்டி, உங்க சாவி. அதை மட்டும் விட்டுக்கொடுக்காதீங்க.