கோவளம் டு மாமல்லபுரம்: மணலில் ஒரு நாள்



தமிழ்நாட்டுக் கடற்கரையின் நீளம் 1,076 கி.மீ. என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்திருக்கிறோம். தினமும் 20 கி.மீ. நடந்தால் பழவேற்காட்டில் புறப்பட்டு குமரி மாவட்டத்துக் கடைசிக் கிராமம் வரை போய்ச்சேர 54 நாள் ஆகும். வேல்ஸ் நாட்டில் 2012-ல் கடலோரம் முழுக்க சுமார் 1,400 கி.மீ. நடைபாதையைத் திறந்து, வழி நெடுகப் பலகையும் நட்டுவிட்டார்கள். நமக்குப் பலகை கிடையாது, மணல் மட்டும் உண்டு. அந்த 54 நாளில் நம்ம கேளம்பாக்கத்துக்குப் பக்கத்தில் வருகிற ஒரே ஒரு நாளை எப்படி நடப்பது, நடந்தால் என்ன தெரியும் என்பதுதான் இந்தக் கட்டுரை. போன பிப்ரவரியில் நாங்கள் நாலு பேர், எல்லோரும் சிவில், நடந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

கேளம்பாக்கத்திலிருந்து கிழக்கே போகும் ரோட்டில் உப்பளம், பக்கிங்காம் கால்வாய், காயல் எல்லாம் தாண்டினால் கோவளம். அங்கே வடக்கே திரும்பாதீர்கள். முட்டுக்காட்டு முகத்துவாரம் குறுக்கே வரும். மழைக்காலத்தில் அது சும்மா விடாது. தெற்கே திரும்பினால் மாமல்லபுரம் வரை ஏறக்குறைய 20 கி.மீ. மணல்தான். கிழக்குக் கடற்கரைச் சாலை கூடவே வருவதால், முடியாதவர்கள் ஏதாவது ஒரு குப்பத்தில் மேலே ஏறி பஸ் பிடித்துவிடலாம்.

விடிவதற்கு முன் கோவளத்தில் இருக்க வேண்டும். ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர், தொப்பி, பழைய கேன்வாஸ் ஷூ. மணலில் மணிக்கு 3 கி.மீ. போனாலே பெரிய விஷயம். கடல் ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏறி இரண்டு தடவை இறங்கும். நேரம் தினமும் சுமார் 50 நிமிஷம் தள்ளிப்போகும். சென்னைப் பக்கம் இந்த வித்தியாசம் ஒரு மீட்டர் அளவுதான். ஆனாலும் இறக்கத்தில் நடந்தால் ஈர மணல் கிடைக்கும், கால் புதையாது. காரணம் நம்ம சாயில் மெக்கானிக்ஸ்தான். துகள்களுக்கு நடுவே கொஞ்சம் தண்ணீர் இருந்தால் பரப்பு இழுவிசை அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும். சுத்தமாகக் காய்ந்தாலும் முழுக்க ஊறினாலும் அந்தப் பிடி போச்சு. லேபில் புரியாதது எனக்கு இங்கே குதிகாலில் புரிந்தது. இன்னொன்று, கரை கடலை நோக்கிச் சரிவாக இருப்பதால் தெற்கே நடப்பவனுக்கு இடது கால் எப்போதும் பள்ளத்தில். இடுப்பு வலி வந்தால் மேட்டு மணலில் கொஞ்ச நேரம் நடங்கள். கடலில் மட்டும் இறங்கிக் குளிக்காதீர்கள். இந்தக் கரையில் கால் வைத்தவுடனே ஆழம், இழுப்பும் அதிகம்.

இனி முக்கிய விஷயம். அலை கரைக்கு நேராக வருவதில்லை, சாய்வாக வருகிறது. ஏறும்போது மணலைச் சாய்வாகத் தள்ளும், வடியும்போது நேராக இறங்கும். இப்படி ஒவ்வொரு அலைக்கும் மணல் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கவாட்டில் நகர்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் வடக்கே போகும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் தெற்கே திரும்பும். வருஷக் கணக்குப் பார்த்தால் மிச்சம் வடக்கே. இது ஓடுகிற ஆறு மாதிரிதான். 1870-களில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் கட்ட ஆரம்பித்தபோது இந்த ஆறு மறித்துக்கொண்டது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்தது. மெரினாவில் நாம் சுண்டல் சாப்பிடும் இடத்தில் பாதி ராயபுரத்துக்குப் போய்ச்சேர வேண்டிய மணல் என்று சொன்னால் மிகையாகாது!

இதே கதையைச் சின்ன அளவில் கோவளத்திலிருந்து பார்க்கலாம். கடலுக்குள் நீட்டிக் கருங்கல் கொட்டியிருப்பார்களே, தூண்டில் வளைவு, அதுதான். வடக்கிலிருந்து நடந்து போகிறவனுக்கு ஒரு வசதி: சுவருக்கு முன்னால் கரை ஒடுங்கும், கல் மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் அகலும். ஒரு இடத்தில் வடபக்கம் இருபது தப்படிக்குள் கடல் வந்துவிட்டது. தென்பக்கம் எண்ண ஆரம்பித்துப் பாதியிலேயே விட்டுவிட்டோம். காரில் போகிறவன் இதைப் பார்க்கவே முடியாது.

ஒரு குப்பத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவரிடம், "சுவர் வந்தது நல்லதா ஐயா?" என்று கேட்டோம். "எங்களுக்கு நல்லதுதான் தம்பி. இல்லன்னா அந்தத் தென்னமரம் வரைக்கும் எப்பவோ போயிருக்கும். ஆனா வடக்கால இருக்கறவன் எங்களத் திட்றான். அவனுக்கும் ஒண்ணு போட்டா அவனுக்கு வடக்கால இருக்கறவன் திட்டுவான்" என்றார். படகை ஏற்றி வைக்கவும் வலை காய வைக்கவும் மணல் இல்லையென்றால் மீனவனுக்குக் கடல் இருந்தும் பிரயோஜனம் இல்லை. ஆகவே சுவர் கேட்பவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. முழுக் கரையையும் ஒன்றாகக் கணக்குப் போடாமல் ஊர் ஊராகக் கல் கொட்டுவதுதான் கோளாறு என்பது என் அபிப்பிராயம்.

வடநெம்மேலியில் முதலைப் பண்ணை (1976-ல் தொடங்கியது) ரோட்டோரம் இருக்கிறது, அன்று நேரமில்லை. நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் தினம் 10 கோடி லிட்டர் கொள்ளளவோடு 2013-ல் திறந்தார்கள்; 15 கோடி லிட்டர் கொள்ளளவில் இரண்டாவது 2024-ல். தாம்பரம், சோழிங்கநல்லூர் பக்கம் குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது இந்த மணலையும் நினைக்கலாம். வழியில் இரண்டு பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கிக் கிடந்தன. 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் இப்படி ஒதுங்கியவை ஆயிரத்துக்கும் மேல்.

சாளுவன்குப்பத்தில் கட்டாயம் உட்காருங்கள். 2004 சுனாமி மணலை வாரிக்கொண்டு போனபோது பாறையில் எழுத்து தெரிந்து, தொல்லியல் துறை 2005-ல் தோண்ட, முருகன் கோயில் ஒன்று வெளிவந்தது. மேலே பல்லவர் காலத்துக் கல் வேலை, கீழே அதற்கும் பழைய செங்கல். அங்கிருந்து தேவனேரி வழியாக மாமல்லபுரம். கடைசியில் வரவேற்பது என்ன தெரியுமா? 8-ஆம் நூற்றாண்டுக் கடற்கரைக் கோயிலைக் காப்பாற்றக் கொட்டிய கல்தான்!

நாளைக்கு ஏதோ ஒரு காண்ட்ராக்டரிடம் சூப்பர்வைசராக நின்று இந்தக் கல்லைக் கொட்டப்போவது நம்மில் ஒருவன்தான். அதனால் ஒரு யோசனை. நம்மிடம் 30 மீட்டர் டேப்பும் ரேஞ்சிங் ராடும் இருக்கின்றன. பிப்ரவரியில் ஒரு தடவை, செப்டம்பரில் ஒரு தடவை, ஒவ்வொரு சுவருக்கும் வடக்கிலும் தெற்கிலும் கரையின் அகலத்தை அளந்து நோட்டில் எழுதி வைப்போம். கடல் இறக்கத்தில் அதே நிலையில் இருக்கும் நேரமாகப் பார்த்து அளக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு ஒத்துவராது. வருகிறவர்கள் சிவில் மூன்றாமாண்டு வகுப்பில் பெயர் கொடுக்கலாம். மெக்கானிக்கல்காரர்களும் வரலாம், தண்ணீர் அவரவர் பொறுப்பு.