வாயில்லாப் பிராணியின் இருதயம்

நாய் வளர்க்காதவர்கள்கூட, தம் தெருவில் ஏதேனும் ஒரு வீட்டுக் கிழ நாய் இரவு வேளையில் இருமுவதைக் கேட்டிருப்பார்கள். "பாவம், வயதாகிவிட்டது!" என்று சொல்லிவிட்டு வீட்டார் திரும்பிப் படுத்துக்கொள்வது வழக்கம். வயது ஒரு வியாதியன்று. ஆயினும் வயதின் மேல் பழியைப் போட்டு நாம் கவனியாமல் விடும் வியாதிகள் பல. அவற்றுள் இருதய நோயும் ஒன்று. மனிதன் நெஞ்சில் கை வைத்து, "இங்கே வலிக்கிறது" என்பான். நாய்க்கு அந்தச் சௌகரியம் இல்லை. ஆகவே, அதன் நோயைக் கண்டு சொல்லும் பொறுப்பு வீட்டிலிருக்கும் நம்முடையதாகிறது. அதற்குப் பெரிய படிப்பு எதுவும் வேண்டியதில்லை. நூறு வரையில் எண்ணத் தெரிந்தால் போதும்.

முதலில் நோயின் தன்மையைப் பார்ப்போம். மனிதர்களை வீழ்த்தும் மாரடைப்பு நாய்களுக்கு மிக அரிது. இருதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்களில் கொழுப்புப் படிந்து அடைபடுவது அவற்றினிடம் அபூர்வம். அவற்றை வருத்துவது வேறொன்று. இருதயத்தின் இடப்புறத்து மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இரண்டு இதழ் கொண்ட ஒரு கதவு இருக்கிறது. மிட்ரல் வால்வு என்பது அதன் பெயர். வயதாக ஆக, இந்த இதழ்கள் தடித்துச் சுருண்டு, சரிவர மூடாமற் போகின்றன. ஒவ்வொரு துடிப்பிலும் இரத்தத்தின் ஒரு பகுதி வந்த வழியே திரும்பிப் பாய்கிறது. அந்த ஒழுக்கின் ஓசையைத்தான் வைத்தியர் குழாய் வைத்துக் கேட்கிறார். ஓட்டை வாளியால் தண்ணீர் இறைப்பவனைப் போல இருதயம் இரட்டிப்பாய் உழைக்கிறது. உழைத்து உழைத்துப் பருத்துப்போகிறது. முடிவில் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ள, பிராணி மூச்சுக்குத் திணறுகிறது. சிறு ஜாதி நாய்களுக்கே இந்நோய் மிகுதி. டாபர்மன் போன்ற பெரிய ஜாதிகளுக்கோ கதவு பழுதாவதைவிட இருதயத் தசையே தளர்ந்துபோவது அதிகம்.

இருதய வைத்தியத்தில் மனிதன் பிராணிகளுக்குப் பட்டிருக்கும் கடன் சிறிதன்று. இரத்தத்தின் அழுத்தத்தை முதன்முதலில் அளந்தவர் இங்கிலாந்துப் பாதிரியார் ஸ்டீபன் ஹேல்ஸ். அவர் அளந்தது மனிதனிடத்தில் அன்று. ஒரு பெண் குதிரையினிடத்தில். அதன் இரத்தக் குழாயில் பொருத்திய கண்ணாடிக் குழலில் இரத்தம் எட்டடிக்கு மேல் ஏறி நின்றதை 1733-ம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் அவர் எழுதினார். பிரேஸில் தேசத்தில் ஜராராக்கா என்றொரு விரியன் பாம்பு உண்டு. அதன் கடி பட்டவருக்கு இரத்த அழுத்தம் சடக்கென்று இறங்கிவிடும். அந்நாட்டு விஞ்ஞானி செர்ஜியோ ஃபெரேரா அந்த விஷத்தை ஆராய்ந்து 1965-ல் வெளியிட்ட உண்மையைப் பின்பற்றி வந்ததே காப்டோப்ரில் என்னும் மருந்து. 1981-ல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. அதன் வழித்தோன்றல்களான எனலாப்ரில், பெனஸெப்ரில் என்னும் மாத்திரைகள் இன்று நாய்களுக்கும் கொடுக்கப்படுகின்றன. வாங்கிய கடனை வட்டியோடு இல்லாவிட்டாலும் ஓரளவு திருப்பிக் கொடுத்து வருகிறோம் என்று ஆறுதல் கொள்ளலாம்.

இன்று கால்நடை வைத்தியர் கையாளும் மருந்துகளில் முக்கியமானவை சிலவே. ஃப்யூரோஸமைடு நுரையீரலில் தேங்கிய நீரைச் சிறுநீர் வழியே வெளியேற்றுகிறது. மேற்சொன்ன 'ப்ரில்' மருந்துகள் இரத்தக் குழாய்களைத் தளர்த்தி இருதயத்தின் சுமையைக் குறைக்கின்றன. பிமோபெண்டான் என்பது தளர்ந்த இருதயத்தின் சுருக்கத்துக்கு வலுவூட்டுவதோடு குழாய்களையும் விரிக்கிறது. மிட்ரல் கதவு பழுதாகி இருதயம் பருத்திருந்தும் வெளியே அறிகுறி காட்டாத 360 நாய்களை வைத்து இம்மருந்தைச் சோதித்து, முடிவை 2016-ல் வெளியிட்டார்கள். ஒரு பாதி நாய்களுக்கு மருந்தும், மறு பாதிக்கு வெறும் ஒப்புக்கு மாத்திரையும் கொடுத்தார்கள். மருந்து உண்டவற்றுக்கு நோய் முற்றுவது ஏறக்குறைய 15 மாதம் தள்ளிப்போயிற்று. பதினைந்து மாதம் என்பது நமக்கு அற்பமாகத் தோன்றலாம். பன்னிரண்டு, பதினான்கு ஆண்டுகளே வாழும் பிராணிக்கு அது அற்பமா? ஆனால் ஒன்று: அந்தப் பலன் இருதயம் பருத்த நாய்களிடம் கண்டது. ஓசை கேட்ட உடனேயே எல்லா நாய்க்கும் அதைக் கொடுப்பதில்லை. படம் எடுத்துப் பார்த்து வைத்தியர் முடிவு செய்யவேண்டிய காரியம் அது.

இங்கே இல்லத்தரசிகளும் இல்லத்தரசர்களும் மனத்தில் கொள்ளவேண்டிய எச்சரிக்கைகள் சில உண்டு. ஃப்யூரோஸமைடு உண்ணும் நாய் அடிக்கடி தண்ணீர் குடிக்கும். அடிக்கடி சிறுநீர் கழிக்கும். கூடம் நனைகிறதே என்று தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து ஒளித்து வைப்பது பெருந்தீங்கு. நீர் வற்றினால் சிறுநீரகம் கெடும். இருமல் நின்றுவிட்டதே என்று மருந்தை நிறுத்துவதும் தவறு. இருமலை நிறுத்தியது மருந்தேயன்றி நோய் தீர்ந்ததன்று. அப்பளம், கருவாடு முதலிய உப்புப் பண்டங்களை அன்பின் மிகுதியால் ஊட்டுவதும் கூடாது. எல்லாவற்றினும் கொடியது, தாத்தாவின் இரத்த அழுத்த மாத்திரையில் பாதியை ஒடித்து நாய்க்குக் கொடுப்பது. அம்லோடிபின் என்னும் மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். வைத்தியர் நிறுத்துக் கொடுக்கும் சிறு துணுக்கு, இரத்த அழுத்தம் மிகுந்த பூனைக்கு அமிர்தம். கட்டிலிலிருந்து உருண்டு விழுந்த அதே மாத்திரைகளை விழுங்கிவிட்ட நாய்க்குட்டிக்கு அதுவே நஞ்சு.

பூனையைப் பற்றிச் சொன்னதால் இன்னொரு செய்தி. டாரின் என்னும் சத்து மாமிசத்தில் உண்டு. நாம் உண்ணும் அரிசியிலும் பருப்பிலும் இல்லை. பூனையின் உடம்பு அதைப் போதுமான அளவு தானே செய்துகொள்வதில்லை. அது குறைந்தால் பூனையின் இருதயத் தசை தளர்ந்துவிடுகிறது என்பதையும், அதைக் கொடுத்தால் தளர்ந்த இருதயம் மீண்டும் தேறுகிறது என்பதையும் 1987-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். ஆகவே, பூனையைச் சைவமாக்க முயலும் புண்ணியவான்கள் அந்தப் புண்ணியத்தைத் தம்மளவில் நிறுத்திக்கொள்வது நலம். வீட்டுப் பூனை எலி பிடிப்பது குரூரமன்று. அதன் இருதயத்துக்கு அதுவே ரட்சை.

இனி, முதலில் சொன்ன எண்ணிக்கைக்கு வருவோம். நாய் அயர்ந்து தூங்கும்போது, அதைத் தொடாமல் அருகில் அமருங்கள். மார்பு ஒரு முறை ஏறி இறங்குவது ஒரு மூச்சு. அரை நிமிஷம் எண்ணி, இரண்டால் பெருக்குங்கள். நலமாக உள்ள நாய் தூக்கத்தில் நிமிஷத்துக்கு 30 மூச்சுக்கு மேல் விடுவதில்லை. இருதய நோயுள்ள நாயிடத்தில் இந்த எண் 30-ஐத் தாண்டித் தாண்டி வருமாயின், நுரையீரலில் நீர் சேரத் தொடங்கியதென்று ஐயுறவேண்டும்; அன்றே வைத்தியரிடம் செல்லவேண்டும். நாய் வாய் திறந்து திணறும் வரையில் காத்திருந்தால், பல சமயங்களில் காலம் கடந்துவிடும்.

இவ்வேலையை வீட்டுப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கலாம் என்பது எம் அபிப்பிராயம். ஒரு பழைய நோட்டுப் புத்தகமும் பென்ஸிலும் கொடுத்து, தினந்தோறும் தேதியிட்டு எண்ணிக்கையை எழுதிவரச் சொல்லுங்கள். பிள்ளைக்குக் கணக்குப் பழகும், காருண்யமும் பழகும். பேசத் தெரியாத நோயாளியின் சார்பில், அந்தப் புத்தகம் வைத்தியரிடம் பேசும்.