வைகை அணை மீனில் டெரியாக்கி

ஜப்பானிய டெரியாக்கிக்காக மயிலாடும்பாறைச் சந்தையில் சால்மனைத் தேடிப் பயனில்லை. அது குளிர்நாட்டு மீன். நகரத்துக் கடைகளில் ‘இந்தியன் சால்மன்’ என்று விற்பதும் நம் கடற்கரைக்காரர்கள் காலா என்று சொல்லும் வேறு குடும்பத்து மீன்தான். ஆனால் வருசநாட்டு மலையில் புறப்படும் மூல வைகை இந்த ஊரைத் தொட்டுக்கொண்டு, கடமலைக்குண்டு வழியாகப் போய் வைகை அணையில் சேர்கிறது. 1959-ல் திறந்த அந்த அணையில் கட்லா, ரோகு, ஜிலேபி மூன்றும் உண்டு. டெரியாக்கி மீன் சோறு செய்து தரச் சொல்லிப் பிள்ளைகள் நச்சரித்தால் அந்த மீனை வைத்தே செய்யலாம்.

மூன்றில் என் கை ஜிலேபிக்குத்தான் போகும். கட்லாவிலும் ரோகுவிலும் சதைக்குள் கவை கவையாக நுண்முள் ஓடும். சோற்றோடு பிசைந்து வாயில் போடும் பண்டத்துக்கு அது ஆபத்து. 1952-ல் இந்தியாவுக்குள் கொண்டுவந்த ஜிலேபிக்கு அந்த முள் கிடையாது. முதுகெலும்பை ஒட்டிக் கத்தியை ஓட்டினால் இரண்டு பக்கச் சதையும் துண்டாக வந்துவிடும்.

இதில் ஒரே தொல்லை மண்வாடை. தேங்கிய நீரில் வாழும் நீலப்பச்சைப் பாசியும் ஒருவகை நுண்ணுயிரிகளும் ஜியோஸ்மின் என்ற சேர்மத்தை உண்டாக்குகின்றன. அது மீனின் கொழுப்பில் போய்த் தங்குகிறது. கோடை மழை முதல் தூறல் போடும்போது தரையிலிருந்து கிளம்புகிறதே, அந்த வாசனையும் இதே ஜியோஸ்மின்தான். மழையில் மயக்கும் அது மீனில் முகஞ்சுளிக்க வைக்கிறது. நீரில் லட்சம் கோடியில் சில பங்கு கலந்திருந்தாலே நம் மூக்கு கண்டுபிடித்துவிடும். ஆனால் அமிலம் பட்டால் ஜியோஸ்மின் சிதைந்து வாசனையில்லாத வேறொன்றாக மாறும். ஆற்று மீன் குழம்பில் நம் பெண்கள் தாராளமாகப் புளி கரைத்து ஊற்றுவதில் இந்த வேதியியல் இருக்கிறது. அதனால் தோலையும், சதையின் நடுவே ஓடும் கருஞ்சிவப்புக் கோட்டையும் நீக்கிவிட்டு, கல்லுப்பும் புளித்தண்ணீரும் தடவிக் கால் மணி நேரம் வையுங்கள். பிறகு அலசி, துணியால் ஈரமே இல்லாமல் ஒற்றி எடுக்க வேண்டும்.

ஈரத்தில் ஏன் இவ்வளவு கறார்? தண்ணீர் இருக்கும்வரை மீனின் மேற்பரப்பு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. பொன்னிறமும் வறுத்த மணமும் வேகமாகப் பிடிக்க 140 டிகிரியாவது வேண்டும். அந்தச் சூட்டில் அமினோ அமிலங்களும் சர்க்கரையும் கைகோத்து நூற்றுக்கணக்கான மணப்பொருள்களை உண்டாக்குகின்றன. பிரெஞ்சு அறிஞர் லூயி கமீல் மெயிலார்டு 1912-ல் விவரித்த வினை இது. தோசை முறுகுவதும் இதே வினையால்தான்.

டெரியாக்கிச் சாறு இந்த வினைக்கென்றே கூட்டிவைத்ததுபோல இருக்கிறது. சோயா சாஸில் பூஞ்சணம் சோயாவின் புரதத்தை உடைத்து அமினோ அமிலங்களாக்கி வைத்திருக்கிறது. நொதிக்கவைத்த சாஸா என்று லேபிளைப் பார்த்து வாங்குங்கள். நிறம் மட்டும் கலந்த புட்டி உதவாது. ஜப்பானியர் சேர்க்கும் இனிப்பான அரிசி மதுவுக்குப் பதில் வெல்லம் போதும். வெல்லத்தில் பெரும்பங்கு சுக்ரோஸ். அது நேராக மெயிலார்டு வினையில் இறங்காது. புளியோடு சேர்ந்து கொதிக்கும்போது ஒரு பங்கு குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரிந்து, பிறகு இறங்கும். ஆக, புளி இங்கே இரண்டாவது வேலையும் பார்க்கிறது.

சுவைக்கும் ஒரு கணக்கு உண்டு. சோயாவில் இருக்கும் அதே குளுட்டமிக் அமிலத்தைத்தான் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகெடா 1908-ல் கடற்பாசியிலிருந்து பிரித்து, உமாமி என்ற சுவைக்குக் காரணம் என்று காட்டினார். மீன் சதையில் இனோசினேட் இருக்கிறது. இரண்டும் நாக்கில் சேரும்போது உமாமி பல மடங்காகத் தெரியும். தக்காளியிலும் குளுட்டமிக் அமிலம் உண்டு. தக்காளி போட்ட மீன் குழம்பு ருசிப்பதிலும் இதற்குப் பங்கு உண்டு.

அரைக் கிலோ சதைக்கு நான்கு கரண்டி சோயா சாஸ், இரண்டு கரண்டி பொடித்த வெல்லம், ஒரு கரண்டி நீர்த்த புளிக்கரைசல், தட்டிய இஞ்சி. இரும்பு தோசைக்கல்லை நன்றாகக் காயவிட்டு, நல்லெண்ணெயில் மீனை முதலில் வெறுமனே வறுங்கள். சால்மன் அளவுக்கு ஜிலேபியில் கொழுப்பு கிடையாது, அதனால் சட்டென்று வறண்டுவிடும். 60 டிகிரியைத் தாண்டியதும் சதை சுருங்கித் தண்ணீரை வெளியே தள்ளும். சதை வெளுத்து இதழ் இதழாகப் பிரியத் தொடங்கியதும் சாற்றை ஊற்றுங்கள். முன்னாலேயே ஊற்றினால் வெல்லம் கருகிக் கசக்கும். நுரை சிறிதாகி, கரண்டியால் கீறிய கோடு ஒரு கணம் மூடாமல் நின்றால் பாகு பதம் வந்துவிட்டது. அந்தப் பாகு மீன்மேல் வழவழப்பான படலமாகப் படிவதால்தான் டெரியாக்கி பளபளக்கிறது.

சோற்றை மட்டும் வழக்கம்போல வடிக்காதீர்கள். ஜப்பான் அரிசியில் அமைலோஸ் என்ற மாச்சத்து குறைவு. அதனால் பருக்கைகள் ஒட்டிக்கொள்ளும். நம் பக்கத்து அரிசியில் பெரும்பாலும் அது அதிகம், போதாததற்குப் புழுக்கலில் பருக்கை இன்னும் இறுகிவிடும். பச்சரிசியை அளவாகத் தண்ணீர் வைத்துக் கஞ்சி வடிக்காமல் பொங்கினால், கரைந்த மாவு பருக்கையிலேயே தங்கி, பாகைப் பிடித்துக்கொள்ளும். ஆறினால் அமைலோஸ் மறுபடி விறைக்கும் என்பதால், மீன் கல்லில் இருக்கும்போதே சோறு இறங்கியிருக்க வேண்டும்.